ரயில்வே கேட்டில் நின்றதற்கும் அபராதமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மாதவரத்தில் ஒரு குடோன் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். கடைகளுக்கு மளிகைச் சரக்கு ஏற்றிப்போகும் குட்டி யானை வண்டிகள் எங்கே ஓடுகின்றன, எங்கே நிற்கின்றன என்று ஜிபிஎஸ் திரையில் பார்த்து, சாயங்காலம் ரிப்போர்ட் எடுத்துக் கொடுப்பது என் பொறுப்பு. அந்த ரிப்போர்ட்டை மட்டும் வைத்துக்கொண்டு, டிரைவரை ஒரு வார்த்தை கேட்காமல் சம்பளத்தில் பிடிக்கிறார்கள். அதனால்தான் இந்தக் கடிதம்.

வண்டி ஓடினால் பச்சை, நின்றால் சிவப்பு, சாவி ஆனில் இருந்தபடியே நின்றால் மஞ்சள். எங்கள் திரையில் தெரிவது அவ்வளவுதான். ஏன் நின்றது என்பது கருவிக்குத் தெரியாது. நான் கொருக்குப்பேட்டைக்காரி. ரயில்வே கேட் போட்டால் என்ன கதி என்று எங்கள் ஏரியாவில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். சரக்கு ரயில் ஆடி அசைந்து போக வேண்டும், எதிர்ப்பக்கம் இன்னொன்று வந்தால் அதுவும் போக வேண்டும். கேட் திறந்த பிறகும் இரண்டு பக்கமும் முட்டிக்கொண்டு நிற்கும் ஆட்டோவும் லாரியும் பைக்கும் ஒன்றுக்கொன்று வழிவிட வேண்டும். போன மாதம் அங்கே மாட்டிக்கொண்ட எங்கள் வண்டிக்கு ரிப்போர்ட்டில் நீளமாக ஒரு மஞ்சள் கோடு விழுந்தது. ‘இன்ஜினை ஓடவிட்டு டீசலை வீணடித்தார்’ என்று எழுதி முடித்துவிட்டார்கள். அந்த அண்ணனுக்கு விஷயம் தெரிந்ததே சம்பளத்தில் 800 ரூபாய் குறைந்தபோதுதான். வாடகை கொடுக்க வைத்திருந்த பணம் அது.

சவுகார்பேட்டைச் சந்துகளில் வண்டி நுழையவே முடியாது. மின்ட் தெருவில் ஓரங்கட்டிவிட்டு, மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு கடை வரைக்கும் நடக்கிறார்கள். கடையைச் சுற்றி மேப்பில் போட்டிருக்கும் வட்டத்துக்குள் வண்டி வரவில்லை என்பதால், ‘டெலிவரி இடத்துக்குப் போகவில்லை’ என்று ரிப்போர்ட் சொல்கிறது. சில நேரம் மாடிக் கட்டடங்களில் சிக்னல் பட்டுத் திரும்பி, நிற்கிற வண்டியே பக்கத்துத் தெருவுக்குத் தாவினதாகக் காட்டும். மழை பெய்து கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்றால் பெரம்பூர் பக்கம் சுற்றித்தான் வர முடியும். அது ‘ரூட் மாறியது’ என்று பதிவாகும். எண்ணூர் விரைவுச்சாலையில் கன்டெய்னர் லாரி திடீரென்று குறுக்கே ஒடித்தால் சடன் பிரேக் அடிக்காமல் என்ன செய்வார்கள்? அதற்கும் மார்க் குறைகிறது.

ஜிபிஎஸ் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சொந்த வேலைக்கு வண்டியைத் திருப்புகிறவர்களும் டீசல் எடுத்து விற்கிறவர்களும் இருக்கத்தான் செய்கிறார்கள். ராத்திரியில் காலியான ரோட்டில் கண்மண் தெரியாமல் ஓட்டுகிறவரைக் கூப்பிட்டுக் கண்டிக்கத்தான் வேண்டும். டிரைவருக்குச் சாட்சியாகவும் அதே பதிவு நிற்கும். திருவொற்றியூரில் ஒரு கடைக்காரர் ‘வண்டி வரவே இல்லை’ என்று புகார் சொன்னபோது, அவர் கடை வாசலில் வண்டி நின்ற நேரத்தை எடுத்துக் காட்டியவள் நான்தான். அன்று அந்த டிரைவர் தப்பித்தார். ஆனால் தனக்கு வேண்டிய பதிவைத் தானே கேட்டு வாங்க டிரைவருக்கு வழியில்லை. ரிப்போர்ட் முதலாளி மேஜைக்கு மட்டும்தான் போகிறது.

சட்டம் இதில் தெளிவாகவே இருக்கிறது. அபராதம் போடுவதற்கு முன் தொழிலாளியின் விளக்கத்தைக் கேட்க வேண்டும், ஒரு சம்பளக் காலத்துக்கான மொத்த அபராதம் சம்பளத்தில் 3 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று 1936ஆம் ஆண்டின் ஊதியப் பட்டுவாடா சட்டத்திலேயே இருந்தது. அதற்குப் பதிலாக 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பும் அதையேதான் சொல்கிறது. 15,000 ரூபாய் சம்பளக்காரருக்கு 3 சதவீதம் என்றால் 450 ரூபாய். மஞ்சள் கோட்டுக்குப் பிடித்த 800 எந்தக் கணக்கு? அபராதத்தை ‘டீசல் நஷ்டம்’ என்று வேறு பெயரில் எழுதிக்கொண்டாலும், நஷ்டம் டிரைவரின் கவனக்குறைவால்தான் வந்தது என்று காட்ட வேண்டாமா, அவரிடம் கேட்க வேண்டாமா?

முதலாளிகளிடம் நான் கேட்பது பெரிய செலவு பிடிக்கிற காரியமல்ல. ரிப்போர்ட்டில் ‘டிரைவர் சொன்ன காரணம்’ என்று ஒரு கட்டம் சேருங்கள். மறுநாள் காலையில் லோடு ஏற்றும்போதே அவரிடம் காட்டி, கேட்டு, எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். கேட், தண்ணீர், கன்டெய்னர் நெரிசல் எல்லாம் அந்த ஐந்து நிமிடத்திலேயே தெரிந்துவிடும்.

தொழிலாளர் துறை அதிகாரிகளுக்கும் ஒரு வேண்டுகோள். மாதவரம், செங்குன்றம், மணலி பக்கம் ஆய்வுக்கு வரும்போது அபராதப் பதிவேட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். பிடித்த பணத்தைத் தொழிலாளர் நலனுக்குத்தான் செலவிட வேண்டும் என்பதும் சட்டம்தான். அது எங்கே போனது என்றும் கேளுங்கள்.

– பெயர் வெளியிட வேண்டாம்,
கொருக்குப்பேட்டை, சென்னை