பானட்டைத் திறந்து வையுங்கள்

மதுரை வட்டாரத்தில் பழைய கார்களைப் பாதுகாத்து வரும் உரிமையாளர்களுக்கும், அவற்றைக் காட்சிக்கு நிறுத்தும் ஏற்பாட்டாளர்களுக்கும்,

வணக்கம். கல்யாணப் படம் எடுப்பது என் தொழில். மிச்ச நேரத்தில் இயந்திரங்களைப் படம் எடுக்கிறேன். என் கோரிக்கை ஒன்றுதான். ரேஸுக்காகக் கட்டிய கார் உங்களிடம் இருந்தால், காட்சி அன்று பானட்டைத் திறந்து வையுங்கள். அதைப் புதுப்பிக்கப் பட்டறைக்கு அனுப்பப் போகிறீர்கள் என்றால், முதல் நட்டைக் கழற்றும் முன், படம் எடுத்துவைக்க என்னைப் போன்ற புகைப்படக்காரர் ஒருவரைக் கூப்பிடுங்கள்.

இப்போது என்ன நடக்கிறது? மெழுகு போட்டு மினுக்கி, மாலை சாத்தி, சுற்றிலும் கயிறு கட்டி நிறுத்துகிறீர்கள். வருகிறவர்கள் முன்னால் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டு போகிறார்கள். அதில் தப்பில்லை. ஆனால் நம் பக்கத்து ரேஸ் கார்கள் பலவும் வெளியே பார்த்தால் பழைய ஃபியட் 1100, இல்லையென்றால் ஸ்டாண்டர்ட் ஹெரால்டு. அது ரேஸ் கார் என்பது உள்ளே பார்த்தால்தான் தெரியும்.

சோழவரத்தை நினைத்துப் பாருங்கள். சென்னைக்குப் பக்கத்தில், இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளம் அது. 1953இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பல வருடம் அங்கேதான் பந்தயம் நடத்தியது. இருங்காட்டுக்கோட்டையில் ரேஸுக்கென்று தனித் தடம் வந்தது 1990இல். வெளிநாட்டிலிருந்து ரேஸ் கார் இறக்கும் வசதி ஒரு சிலருக்குத்தான் இருந்தது. மற்றவர்கள் ஆபீசுக்குப் போய்வந்த காரையே எடை குறைத்துக் கட்டினார்கள். சீட்டைக் கழற்றினார்கள், சிலிண்டர் ஹெட்டைச் செதுக்கி அழுத்தத்தைக் கூட்டினார்கள், பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் ஒற்றைக் கார்புரேட்டர் இருந்த இடத்தில் எஸ்.யூ. கார்புரேட்டர் இரண்டை மாட்டினார்கள். அவற்றை எஞ்சினோடு இணைக்கும் குழாயான மேனிஃபோல்டைக் கடையில் போய் வாங்க முடியாது. யாரோ ஒரு ஃபிட்டர் யோசித்து, யாரோ ஒரு டர்னர் கடைந்து, கேஸ் வெல்டிங்கில் ஒட்டியது அது.

சிக்கலும் அங்கேதான். கம்பெனியில் இருந்து வந்த பாகத்துக்கு மேனுவல் உண்டு, பாக எண் உண்டு. தேடினால் இன்றைக்கும் கிடைக்கும். அந்த ஃபிட்டர் செய்ததற்கு ஒரு வரைபடம்கூடக் கிடையாது. சாக்பீஸால் தரையில் போட்ட கோடு அன்று சாயங்காலமே பெருக்கப்பட்டிருக்கும். புதுப்பிக்கும் பட்டறையில் முதலில் அடிபடுவதும் இந்த வேலைதான். 'அசல்' ஆக்குகிறோம் என்று வெல்டிங் தடத்தைத் தேய்த்து, துளையை அடைத்து, மேலே குரோம் பூசிவிடுகிறார்கள். கார் பளபளக்கும், அது ரேஸ் ஓடியதற்கான அடையாளம் போயிருக்கும்.

1924இல் பிரான்சின் லியோன் கிராண்ட் பிரீயில் இறங்கிய புகாட்டி டைப் 35இன் முன் அச்சைப் பற்றி இன்றைக்குப் பேசாத கார்ப் பைத்தியம் இல்லை. அச்சிலேயே சதுரத் துளை விட்டு அதன் வழியாக லீஃப் ஸ்பிரிங்கைக் கோத்திருப்பார்கள். அந்தக் காரை நேரில் பார்க்காத நமக்கே அது தெரிகிறது என்றால், தலைமுறை தலைமுறையாக அதைக் கிட்டத்தில் போய்ப் படம் எடுத்துவைத்ததால்தான். நம் ஊர்க் காரின் மிதிகட்டையில் எடையைக் குறைக்க வரிசையாகப் போட்ட துளைகளை யார் எடுத்து வைத்திருக்கிறார்கள்?

சரி, வந்து என்ன செய்வோம் என்று கேட்பீர்கள். முதலில் முழுக் கார், அப்புறம் எஞ்சின் முழுசாக, அப்புறம் ஒவ்வொரு பாகமாகக் கிட்டத்தில். இந்த வரிசை இல்லாவிட்டால் பத்து வருடம் கழித்துப் படத்தைப் பார்ப்பவருக்கு அந்த போல்ட் எங்கே இருந்தது என்றே விளங்காது. போனை மூக்கில் ஒட்டுவதுபோல் வைத்து எடுத்தால் வட்டமான பிரேக் டிரம் முட்டை வடிவில் விழும். அதனால் சின்னப் பொருளைப் பெரிதாகக் காட்டும் 100 மில்லிமீட்டர் போன்ற மேக்ரோ லென்ஸில் சற்றுத் தள்ளி நின்று எடுக்கிறோம். எஃப் 8, எஃப் 11 என்று லென்ஸின் துளையைச் சுருக்கி, டிரைபாடில் வைத்தால் முன்னும் பின்னும் தெளிவாக வரும். பாகத்தை ஒட்டி அதே மட்டத்தில் ஒரு ஸ்டீல் ஸ்கேல் வைப்போம். பின்னால் ஒருவர் கப்பலூரிலோ புதூரிலோ லேத்தில் கொடுத்து அதேபோல் கடையச் சொன்னால், குத்துமதிப்பாகவாவது அளவு வேண்டும் அல்லவா?

வெளிச்சம்தான் பெரிய பாடு. நம் ஊர் வெயிலில் அலுமினியமும் எஃகும் கண்ணைப் பறிக்கும். நேராக ஃபிளாஷ் அடித்தால் நடுவில் வெள்ளைப் பொட்டு, சுற்றிலும் இருட்டு. போலரைசர் ஃபில்டர் பெயிண்ட்டிலும் கண்ணாடியிலும் விழும் மினுக்கைக் குறைக்கும், பூச்சில்லாத உலோகத்தில் அதன் ஜம்பம் பலிக்காது. அதற்கு எட்டு முழ வேட்டிக்கு மிஞ்சியது இல்லை. இரண்டு பேர் விரித்துப் பிடித்தால் வெயில் பால்போல் இறங்கும். அராவுவதற்குப் பயன்பட்ட அரத்தின் தடம், லாக் வயர் எந்தப் பக்கமாக முறுக்கப்பட்டிருக்கிறது, பழைய பெயிண்ட்டின் நிறம் வாஷருக்கு அடியில் எட்டிப்பார்ப்பது, எல்லாம் அப்போது தெரியும். லாக் வயர் சின்ன விஷயம் இல்லை. போல்ட் தலையில் துளையிட்டு அந்தக் கம்பியைக் கோப்பது, அதிர்வில் போல்ட் கழன்றுவிடாமல் இருக்க. இறுகும் பக்கமாக இழுத்து முறுக்கியிருந்தால் வேலை தெரிந்த கை என்று அர்த்தம்.

ஹெரால்டு வைத்திருப்பவர்களிடம் கூடுதலாகவே கேட்பேன். அதன் மூக்குப் பகுதி மொத்தமும் முன்பக்கமாகக் கவிழும்; எஞ்சின், சஸ்பென்ஷன், ஸ்டியரிங் எல்லாம் ஒரே பார்வையில் கிடைக்கும். அதை மூடி வைத்துக் காட்சி நடத்துவது எனக்குப் புரியவே இல்லை.

2021இல் வந்த மத்திய விதிப்படி, 50 வருடம் தாண்டி, சேசிஸ், பாடி, எஞ்சின் பெரிதாக மாற்றப்படாமல் இருந்தால்தான் விண்டேஜ் பதிவும் 'வி.ஏ.' எழுத்து கொண்ட எண்ணும். விதியை நான் குறை சொல்லவில்லை. ஆனால் ரேஸுக்காக வெட்டி ஒட்டிய கார் இதில் சுலபமாக நுழையாது என்பது என் எண்ணம். அப்படியானால் அதற்கு மிஞ்சுவது படம் மட்டும்தான்.

உங்கள் தயக்கமும் தெரியும். சேசிஸ் எண், எஞ்சின் எண் வெளியே போனால் போலி ஆவணக்காரர்கள் கையில் சிக்கும். அவற்றை உங்களுக்கென்று மட்டும் எடுத்துத் தருவோம், வெளியிடும் படத்தில் மறைத்துவிடுவோம். மோதிரம், பெல்ட் பக்கிளைக் கழற்றிவிட்டுத்தான் காரை நெருங்குவோம். எதையும் துடைத்து வைக்க வேண்டாம், ஆயில் கசிந்த தடமும் தகவல்தான். பிரேக் டிரம்மைக் கழற்றினால் மட்டும் தூசியை ஏர் அடித்து ஊதாதீர்கள். பழைய லைனிங்கில் நுரையீரலைக் கெடுக்கும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம்.

இன்னொன்று. அந்தக் காரில் வேலை பார்த்த மெக்கானிக் ஐயா யாராவது இருந்தால் அன்றைக்கு அவரையும் வரச் சொல்லுங்கள். இந்தத் துளை எதற்கு, இந்தத் தகடு ஏன் இப்படி வளைந்திருக்கிறது என்று அவரிடம் கேட்டு, படத்தோடு சேர்த்து எழுதிவைக்க வேண்டும். ஆட்டோச் செலவும் சாப்பாடும் எங்கள் பொறுப்பு.

அன்புடன்,
மதுரையிலிருந்து ஒரு புகைப்படக்காரன்