‘சாங்ஷன்’ என்ற சொல்லைத் தமிழாக்கும்போது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் தங்கள் நாளிதழின் வெளிநாட்டுச் செய்திப் பக்கத்தில், நடுக்கடலில் மறிக்கப்பட்ட ஓர் எண்ணெய்க் கப்பலைப் பற்றிய செய்தியில், அது ‘அமெரிக்க அரசின் அனுமதி பெற்ற கப்பல்’ என்று அச்சாகியிருந்தது. அனுமதி கொடுத்தவர்களே அந்தக் கப்பலை ஏன் மறிக்க வேண்டும் என்று விளங்காமல் செய்தியை இருமுறை படித்த பிறகுதான், ஆங்கில மூலத்தில் ‘சாங்ஷண்டு’ என்ற சொல் இருந்திருக்க வேண்டும் என்று எனக்குப் புரிந்தது. அந்தக் கப்பல் அனுமதி பெற்றதன்று. அமெரிக்க அரசின் தடைப் பட்டியலில் வைக்கப்பட்டது. ஒரே சொல்லில் செய்தி முழுவதும் தலைகீழாகிவிட்டது.

மொழிபெயர்த்தவரின் கவனக்குறைவு என்று இதைத் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. கருவூலத்தில் 31 ஆண்டுகள் பணியாற்றியவன் என்ற முறையில், இந்தச் சொல் நம்மிடம் எப்படிப் புழங்குகிறது என்பதை அறிவேன். வீட்டுக் கடன் சாங்ஷன் ஆனது, ஈட்டிய விடுப்பு சாங்ஷன் ஆனது, அலுவலகத்திற்கு இரண்டு பணியிடங்கள் சாங்ஷன் ஆயின என்றே நாம் பேசுகிறோம். அரசாணைகளில் இதற்கு ‘ஒப்பளிப்பு’ என்ற நல்ல தமிழ்ச்சொல் இருக்கிறது. நிதி ஒப்பளிப்பு ஆணை வராமல் கருவூலத்தில் ஒரு பட்டியலும் நகராது. ஆக, அந்த ஆங்கிலச் சொல்லின் ஒரு பாதி மட்டுமே தமிழருடைய அன்றாடப் பேச்சில் குடியேறியிருக்கிறது. தண்டனை என்னும் மறுபாதி அயல்நாட்டுச் செய்திகளின் வழியாக மட்டுமே நம்மிடம் வருகிறது என்பதால், அவசரத்தில் மொழிபெயர்ப்பவரின் கை பழகிய பக்கமே போகிறது.

இரு பொருளும் ஒரே வேரிலிருந்து வந்தவை. புனிதமாக்கி உறுதிப்படுத்துதல் என்ற பொருளுள்ள லத்தீன் வினையிலிருந்து பிறந்தது இச்சொல். மீறுவோர்க்கு என்ன தண்டனை என்று விதிக்கும் சட்டப் பகுதியையே ‘சாங்க்தியோ’ என்று அழைப்பதாக, ஜஸ்டினியன் பேரரசரின் ஆணைப்படி கி.பி. 533இல் வெளிவந்த ரோமானியச் சட்டப் பாடநூல் கூறுகிறது. சட்டத்தை உறுதிப்படுத்துவதும், அதை மீறினால் ஒறுப்பதும் அவர்களுக்கு ஒரே செயலின் இரு முகங்கள். பின்னாளில் ஆங்கிலத்தில் உறுதிப்படுத்துதல் இசைவளித்தலாகவும், ஒறுத்தல் தனியாகவும் பிரிந்தன. 1935இல் அபிசீனியாவின் (இன்றைய எத்தியோப்பியா) மீது படையெடுத்த இத்தாலிக்கு எதிராகப் பன்னாட்டுச் சங்கம் எடுத்த வணிக நடவடிக்கைகளால், இந்தத் தண்டனைப் பொருள் உலகச் செய்திகளில் நன்றாகப் பரவியது.

இத்தகைய பொருள் நகர்ச்சி நமக்கும் புதிதன்று. வடமொழியில் குற்றம் என்று பொருள்படும் ‘அபராதம்’ தமிழில் குற்றத்திற்குக் கட்டும் பணமாகிவிட்டது. கோலைக் குறித்த ‘தண்டம்’ தண்டனையாகி, தண்டத் தொகையாகி, இன்று வீண்செலவுக்கும் பெயராகிவிட்டது. ஆகவே ஆங்கிலத்தின் மீது குறை சொல்லிப் பயனில்லை. எந்த இடத்தில் எந்தப் பொருள் என்று காண்பதே நம் வேலை.

சொல்லின் வடிவமே பெரும்பாலும் வழிகாட்டும். பன்மையில் வந்து, ஒரு நாட்டின் மீதோ நிறுவனத்தின் மீதோ விதிக்கப்பட்டதாக இருந்தால் அது தடை. ஒருமையில் வந்து, ஒரு செலவுக்கோ வழக்குக்கோ உரியதாக இருந்தால் அது இசைவு. பெயரடையாக வரும்போதுதான் இடர் மிகுதி. நீதிமன்றச் செய்தியில் இதே அடைமொழியோடு வரும் நீதிபதிகளின் எண்ணிக்கை, ஒப்பளிக்கப்பட்ட பணியிடங்களைக் குறிக்கும். உச்ச நீதிமன்றத்தில் 2019இல் தலைமை நீதிபதியையும் சேர்த்து 34 ஆக உயர்த்தப்பட்டது அந்த எண்ணிக்கையே. கப்பல், வங்கி, எண்ணெய் ஆகியவற்றின் முன் வந்தால், அநேகமாகத் தடைக்கு உள்ளானவை என்றே கொள்ள வேண்டும்.

நான் மிகவும் அஞ்சுவது இதற்கு நேர்மாறான பிழையை. ஊழல் தடுப்புச் சட்டம் 1988இன் 19ஆம் பிரிவும், 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 218ஆம் பிரிவும், அரசு ஊழியர்மீதான வழக்கை நீதிமன்றம் விசாரணைக்கு ஏற்கும் முன் உரிய அதிகாரியின் ‘சாங்ஷன்’ வேண்டும் என்கின்றன. அது முன் அனுமதி மட்டுமே. அதைத் தடை என்றோ தண்டனை என்றோ ஒருவர் எழுதிவிட்டால், இன்னும் விசாரணையே தொடங்காத ஒரு மனிதர் ஊரார் கண்ணில் குற்றவாளி ஆகிவிடுவார். அல்லது நடக்க வேண்டிய வழக்கு நின்றுபோனதாக மக்கள் நினைப்பார்கள். மறுநாள் நான்காம் பக்கத்து மூலையில் வெளியிடும் திருத்தம் அதை ஈடுசெய்யாது.

‘தடை’ என்ற சொல்லையும் நாம் தாராளமாகச் செலவழிக்கிறோம். நீதிமன்றம் தருவது இடைக்காலத் தடை, புகையிலைக்குத் தடை, கட்டடத்திற்குத் தடையில்லாச் சான்று என எல்லாம் தடையாகவே இருக்கின்றன. 1998 மே மாதத்தில் பொக்ரான் அணுகுண்டுச் சோதனைகளைத் தொடர்ந்து அமெரிக்கா நம்மீது விதித்ததைப் ‘பொருளாதாரத் தடை’ என்றதில் குழப்பம் இல்லை. ஆனால் ஒரு தனிமனிதரின் வங்கிக் கணக்கை முடக்கி விசாவை மறுப்பதற்கும் அதே தொடரைப் போடுவது சரியன்று. அங்கே சொத்து முடக்கம், பயணத் தடை என்று நடந்ததையே எழுதலாம்.

இதே வகையைச் சேர்ந்த இன்னொரு பிழையையும் குறிப்பிட விரும்புகிறேன். அரசமைப்புச் சட்டத்தின் 136ஆம் உறுப்பின்கீழ் உச்ச நீதிமன்றத்தில் தாக்கல் செய்யப்படுவது ‘சிறப்பு அனுமதி மனு’. அதைச் ‘சிறப்பு விடுப்பு மனு’ என்று அச்சில் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. அம்மனுவின் ஆங்கிலப் பெயரில் உள்ள ‘லீவ்’ என்பதற்கு இசைவு என்பதே பழம்பொருள். வேலைக்கு வராதிருக்கப் பெற்ற இசைவே பின்னர் விடுப்பாயிற்று.

கப்பல் செய்திக்கு உரிய திருத்தத்தை அதே வெளிநாட்டுப் பக்கத்தில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். ஒப்பளிப்பு, வழக்குத் தொடர முன் அனுமதி, பொருளாதாரத் தடை, சொத்து முடக்கம் ஆகிய நான்கையும் அவை வரும் இடங்களோடு ஒரு தாளில் எழுதி, செய்திப் பிரிவு மேசையில் ஒட்டிவைத்தால் இரவுப் பணியில் இருக்கும் உதவி ஆசிரியர்களுக்கு உதவும். தேவையெனில் அந்தத் தாளை நானே எழுதி அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
ஓய்வுபெற்ற கருவூல அலுவலர், மதுரை