தேன்மொழி விஷயமாக முருகேசனுக்கு

அன்புள்ள முருகேசா,

இங்கே எல்லோரும் நலம். பனி இன்னும் விட்டபாடில்லை. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று செல்வி சொன்னாள், சந்தோஷம். ஒத்தக்கடை வீட்டு விவகாரத்தை அப்புறம் எழுதுகிறேன். அதற்குள் பாண்டி நீட்டுகிற எந்தப் பேப்பரிலும் கையெழுத்துப் போட்டுத் தொலைக்காதே.

நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். உன் மகள் தேன்மொழி கபடியை விடுகிறேன் என்றதும் ஊரையே கூட்டிவிட்டாய். "நேஷனல்ஸ் வாசல்ல நின்னுக்கிட்டு எவளாவது போதும்பாளா?" என்று கத்துகிறாய். கோச் பேசினார், பெரியப்பா பேசினார், ரயில்வே வேலை போச்சே என்று குமார் வேறு புலம்பினான். எல்லோர் பேச்சையும் ஒப்பித்த நீ, அவள் என்ன சொன்னாள் என்று ஒரு வரி சொல்லவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். போன் பண்ணினால் என்னை நீ பேசவிடமாட்டாய், ஹாஸ்டல் காலத்திலிருந்தே தெரிந்த கதை.

நான் டெட்ராய்ட் பக்கம் வந்த புதிதில், 1999 ஜூலை கடைசியில், ஒரு நாள் ஆபீசே எழவு வீடு மாதிரி கிடந்தது. பேரி சாண்டர்ஸ் ஆட்டத்தை விட்டுவிட்டார். அமெரிக்கக் கால்பந்தில் டெட்ராய்ட் லயன்ஸ் அணியின் ரன்னிங் பேக். ஆட்டத்தை நடத்துகிற குவார்ட்டர்பேக் கையிலிருந்து பந்தை வாங்கி, எதிரே மலை மாதிரி நிற்கும் ஆட்களுக்கு நடுவே சந்து கண்டுபிடித்து ஓட வேண்டும், அதுதான் அந்த இடத்து ஆட்டக்காரன் வேலை. பயிற்சி முகாம் தொடங்க இருந்த நேரம். பிரஸ் மீட் இல்லை, கண்ணீர் இல்லை. சொந்த ஊரான விச்சிட்டாவின் பத்திரிகைக்கு ஒரு ஃபேக்ஸ் அனுப்பிவிட்டு லண்டனுக்கு விமானம் ஏறிவிட்டார். ஆட வேண்டும் என்ற ஆசையைவிட விலக வேண்டும் என்ற ஆசை பெரிதாகிவிட்டது என்பதுதான் அதன் சாரம்.

அப்போது வயது 31. பெரிய காயம் எதுவும் இல்லை. பந்தோடு ஓடிய மொத்த தூரத்தில் வால்டர் பேட்டன் என்ற ஆட்டக்காரர் வைத்திருந்த 16,726 யார்டு சாதனையைத் தொட இன்னும் 1,457 யார்டு போதும். முந்தைய சீசனில் மட்டும் 1,491 ஓடியிருந்தார். ஒரே ஒரு வருஷம் ஆடியிருந்தால் உலகமே எழுந்து நின்றிருக்கும். உன் நேஷனல்ஸ் வாசலைவிடப் பெரிய வாசல் இது, முருகேசா. அங்கிருந்து திரும்பிப் போனார். பக்கத்து சீட்டு ஆள் துரோகி என்றே சொன்னார். அணி நிர்வாகம் போனஸ் பணத்தைத் திருப்பிக் கேட்டது. 55 லட்சம் டாலர் தரவேண்டும் என்று தீர்ப்பும் வந்தது.

நான் அதன் பிறகுதான் அவருடைய பழைய ஆட்டங்களைத் தேடிப் பார்க்க ஆரம்பித்தேன், இன்றுவரை விடவில்லை. ஆள் ஐந்தடி எட்டங்குலம்தான், தொடை மட்டும் தூண். நம்ம ஊர் ரெய்டர் நாலு பேர் வளைத்த பிறகும் கோட்டுக்கு நழுவி வருவான் பார், அந்த வித்தையைக் கையில் பந்தோடு நூறு யார்டு மைதானத்தில் செய்வார். 1994இல் நியூ இங்கிலாந்துக்கு எதிரான ஆட்டம் ஒன்று. எதிரே ஹார்லன் பார்னெட் என்ற தடுப்பாளர். சாண்டர்ஸ் ஒரு பக்கம் சாய்கிறார், நிற்கிறார், இன்னொரு பக்கம் வெட்டுகிறார். பார்னெட் நின்ற இடத்திலேயே முழுசாக ஒரு சுற்று சுற்றிவிட்டார். சாண்டர்ஸ் எல்லைக்கோட்டைத் தாண்டிப் போய் டச்டவுன் வைத்துவிட்டார், கபடியில் பாயிண்ட் எடுக்கிற மாதிரி. வைத்த பிறகு அவர் குதித்துக் கூத்தாடுகிறவர் இல்லை, பந்தை அம்பயர் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பிவிடுவார். கடைசிவரை அப்படித்தான்.

1989, முதல் சீசன், கடைசி ஆட்டம். லீக்கிலேயே அதிக யார்டு என்ற பட்டத்துக்குப் பத்து யார்டு பாக்கி. உள்ளே போகிறாயா என்று கோச் கேட்கிறார். வேண்டாம், ஜெயித்தாயிற்று, வீட்டுக்குப் போவோம் என்றுவிட்டார். பட்டம் வேறு அணியின் கிறிஸ்டியன் ஓகோயேவுக்குப் போனது. இதை நினைத்தாலே எனக்கு மனசு நிறைந்துவிடும்.

ஆனால் அவர் விலகியதற்குப் பின்னால் ஒரு வலி இருந்தது. பத்து சீசனும் ஆயிரம் யார்டுக்கு மேல், 1997இல் 2,053. அப்படி ஓடியும் லயன்ஸ் அந்தப் பத்து வருஷத்தில் ஜெயித்த பிளேஆஃப் ஆட்டம், அதாவது சீசன் கடைசியில் வரும் நாக்அவுட் ஆட்டம், ஒன்றே ஒன்று. கூட நின்ற நல்ல ஆட்டக்காரர்களை நிர்வாகம் ஒவ்வொருவராகப் போகவிட்டது, உயிர் நண்பன் கெவின் குளோவர் உட்பட. தோற்றுத் தோற்று உள்ளே எதுவோ வற்றிவிட்டது. 1991இல் சக ஆட்டக்காரர் மைக் அட்லி மைதானத்தில் விழுந்தார், மார்புக்குக் கீழே உடம்பு செயலிழந்துவிட்டது. 2,000 யார்டைத் தாண்டிய அதே ஆட்டத்தில் ரெஜி பிரவுன் மூச்சில்லாமல் கிடந்தார். அங்கேயே மூச்சு கொடுத்துப் பிழைக்க வைத்தார்கள். 3,062 முறை பந்தை வாங்கிக்கொண்டு அந்தக் கூட்டத்துக்குள் பாய்ந்தவருக்கு, போதும் என்று சொல்ல உரிமை இல்லையா? பார்க்கிற நமக்கு அது பொழுதுபோக்கு. அடி வாங்குகிற உடம்பு அவருடையது.

தேன்மொழிக்கும் அதைத்தான் கேட்கிறேன். போன வருஷம் தோள்பட்டை இறங்கினபோது பல்லைக் கடித்துக்கொண்டு ஆடியவள் அவள். பயந்தாங்கொள்ளி என்று பேசுகிறாயே, எப்படி மனசு வந்தது? அவள் கப் தூக்கும் போட்டோவை ஃப்ளெக்ஸ் போட்டு தெருமுனையில் வைத்தவன் நீ. அந்த ஃப்ளெக்ஸ் கிழியப்போகிறதே என்ற பதைப்பு உன்னுடையது, அதை அவள் தலையில் ஏற்றாதே.

பேரியின் அப்பா வில்லியம் கூரை வேலை பார்த்தவர், முசுடு. மகன் இவ்வளவு ஓடியும் ஜிம் பிரவுன்தான் பெரிய ஆட்டக்காரர் என்று சாதித்தவர். அந்த ஜிம் பிரவுனும் 1966இல், உச்சத்தில், வயது 30இல் விலகியவர்தான். பேட்டன் சாதனையை 2002இல் எமிட் ஸ்மித் தாண்டினார். அதனால் சாண்டர்ஸ் பெயர் குறைந்ததா? 2004இல் ஹால் ஆஃப் ஃபேம் என்ற பெரிய ஆட்டக்காரர்களுக்கான கௌரவப் பட்டியலில் சேர்த்தார்கள், மேடையில் அறிமுகப்படுத்தியது அதே அப்பா. திட்டித் தீர்த்த டெட்ராய்ட் 2023இல் லயன்ஸ் மைதானமான ஃபோர்டு ஃபீல்டு வாசலில் சிலை வைத்தது. ரேவதியும் நானும் போய்ப் பார்த்தோம். வயதான ஒருவர் பேரனிடம் 1997 சீசனை ஆட்டம் ஆட்டமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நகரவே மனசு வரவில்லை.

தேன்மொழி விடுவது சரியா தப்பா என்று நான் சொல்லவில்லை. ஏன் என்று அவளிடம் கேள். கோச் இல்லாமல், பெரியப்பா இல்லாமல், நீ மட்டும் உட்கார்ந்து கேள். ஆட்டம் அலுத்துவிட்டதா, கேம்ப்பில் எவனாவது தொல்லை கொடுக்கிறானா, தோள் இன்னும் வலிக்கிறதா, படிக்க ஆசையா? நாலும் நாலு வேறு பிரச்சினை. ரயில்வே வேலை பேச்சை அதற்கப்புறம் எடு. பதில் தெரிந்ததும் எனக்கு எழுது. அவள் என்னோடு பேச விரும்பினால் எந்த நேரமானாலும் கூப்பிடச் சொல்.

இன்னொன்று. அந்த சாண்டர்ஸுக்கு 2024இல், 55 வயதில், ஹார்ட் அட்டாக். அப்படி ஓடின உடம்பு! கொலஸ்ட்ரால் உள்ளே ஏறிக் கிடந்திருக்கிறது. பரோட்டா சால்னாவை விடு என்று சொன்னால் கேட்கமாட்டாய். இந்த வாரமே வெறும் வயிற்றில் ரத்தம் கொடுத்து டெஸ்ட் எடு, ரிப்போர்ட்டை போட்டோ எடுத்து அனுப்பு. சரவணனையும் இழுத்துக்கொண்டு போ.

அன்புடன்,
கண்ணன்