வாட்டம் திருத்தியவர்களுக்கு நன்றி

வார்டு மக்கள் அனைவருக்கும் வணக்கம்.

நம் தெரு முக்கில் தேங்கும் மழைநீர் இப்போது மழை விட்டதும் தானாக வடிந்துவிடுகிறது. முன்பெல்லாம் நாள்கணக்கில் நின்று, பச்சை பிடித்து, கொசு பெருகின பிறகுதான் போகும். வடிகாலின் வாட்டத்தை, அதாவது தண்ணீர் ஓடுகிற சரிவை, திருத்திய இந்த வேலை நடந்ததற்குக் காரணமானவர்கள் யாரும் மேடை ஏறவில்லை, பேனர் வைக்கவில்லை. அதனால் நன்றியைப் பொதுவில் சொல்லிவிடலாம் என்று எழுதுகிறேன்.

முதல் நன்றி கொத்தனார் அண்ணனுக்கு. வடிகால் அடைப்பு என்று புகார் போகும். ஆட்கள் வருவார்கள், சேற்றை அள்ளுவார்கள், ‘தீர்வு காணப்பட்டது’ என்று புகார் முடிக்கப்படும். அடுத்த மழைக்கு அதே கதை. அண்ணன் ஒரு ஞாயிற்றுக்கிழமை கட்டட வேலைக்கு மட்டம் பார்க்கும் டியூபைக் கொண்டுவந்தார். உள்ளே இருப்பது வெளியே தெரிகிற நீளமான குழாய். அதில் தண்ணீர் நிரப்பி, குமிழி ஒன்றுகூட இல்லாமல் தட்டித் தட்டி வெளியேற்றினார். தெரு நீளத்துக்கு அது எட்டாது என்பதால் துண்டு துண்டாக அளந்துகொண்டே போனார். குழாயின் இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில்தான் நிற்கும். அங்கிருந்து வடிகாலின் அடித்தளம் எவ்வளவு ஆழம் என்று பார்த்தால் போதும். பெரிய கால்வாயில் சேருகிற பக்கம் ஆழம் கூட வேண்டும். கூடவில்லை, ஒரு சாண் குறைந்திருந்தது. “வாட்டமே தலைகீழா இருக்கு சார், எவ்வளவு அள்ளினாலும் நிக்கத்தான் செய்யும்” என்றார். அதுவரை நடந்த வாதங்கள் எல்லாம் அந்த ஒரு சாணில் முடிந்தன.

அடுத்து, ஓய்வுபெற்ற கணக்கர் ஐயா. சேறு அள்ளுவது பராமரிப்புச் செலவு, வாட்டத்தைத் திருத்துவது மூலதனப் பணி, இரண்டுக்கும் கணக்குத் தலைப்பே வேறு என்று விளக்கியவர் அவர்தான். முதலாவதை அலுவலகத்தில் ஒருவர் கையெழுத்தோடு முடித்துவிடலாம். இரண்டாவதற்கு மதிப்பீடு வேண்டும், மன்றத் தீர்மானம் வேண்டும், ஒப்பந்தப்புள்ளி வேண்டும். அடைப்பு என்று எழுதிக் கொடுக்கிற வரைக்கும் அள்ளுவதற்குத்தான் ஆள் வருவார்கள். பழைய கூட்ட நடவடிக்கைக் குறிப்புகளை வாங்கி அவர் வரி விடாமல் படித்தார். என்னைக் கேட்டால் உலகத்திலேயே சலிப்பான வாசிப்பு அதுதான். அதில் கிடைத்தது ஒரு பழைய தீர்மானம். நம் தெரு வடிகாலை ஆய்வு செய்து மதிப்பீடு தயாரிக்கலாம் என்று நிறைவேறி, அதோடு நின்றுபோயிருந்தது. அலுவலகத்தில் போய் ஆவணம் கேட்க எங்களில் சிலர் தயங்கியபோது, “ஸ்வீடன்காரன் 1766லேயே இதுக்குச் சட்டம் போட்டுட்டான், உங்களுக்கு இன்னும் கூச்சமா?” என்று சிரித்தார். கட்டுக் கட்டாக இருந்த கோப்புகளில் தேடி எடுத்துக் கொடுத்த பதிவறை ஊழியருக்கும் இதில் பாதிப் பங்கு உண்டு.

கவுன்சிலர் அம்மா அந்தத் தீர்மான எண்ணைச் சொல்லி மன்றத்தில் இரண்டே கேள்வி கேட்டார். மதிப்பீடு எப்போது தயாராகும்? எந்தத் தலைப்பில் நிதி? ஆவேசப் பேச்சு எதுவும் இல்லை. எண்ணோடு கேட்ட கேள்விக்குப் பதில் நடவடிக்கைக் குறிப்பில் ஏறியாக வேண்டும், அது அவருக்குத் தெரியும். அப்புறம் உதவிப் பொறியாளர் லெவல் கருவியோடு வந்து, அண்ணன் சொன்னது சரிதான் என்று உறுதி செய்தார். கொத்தனார் அளந்ததைத் தள்ளிவிடாமல் சரிபார்க்க வந்ததற்கே அவருக்குத் தனியாக ஒரு நன்றி. தண்ணீர் விநாடிக்கு சுமார் 0.6 மீட்டர் வேகத்திலாவது ஓடினால்தான் மண்ணைக் கூடவே இழுத்துக்கொண்டு போகும், மெதுவாகப் போனால் மண் கீழே படிந்துவிடும் என்று தெருவிலேயே நின்று பொறுமையாகச் சொன்னார்.

வடிகாலுக்கு மேல் சாய்தளம் கட்டியிருந்த வீட்டுக்காரர்களையும் மறக்கக் கூடாது. சொந்த வாசலை இடிக்கச் சம்மதிப்பது லேசான காரியம் இல்லை. ஒரு வீட்டில் கோபம்கூட வந்தது, நியாயமான கோபம்தான். இப்போது அங்கே தூக்கி எடுக்கிற மாதிரி பலகைக் கற்கள் போட்டிருக்கிறார்கள். இனிமேல் உள்ளே பார்க்கவும் முடியும், சுத்தம் செய்யவும் முடியும். வெயிலில் பழைய அடித்தளத்தை உடைத்துப் போட்ட தொழிலாளர்களுக்கும், முட்டளவு சேற்றை அள்ளிய தூய்மைப் பணியாளர்களுக்கும் எங்கள் வணக்கம். அந்த வேலையை வேடிக்கை பார்க்கவே எங்களால் முடியவில்லை.

இன்னும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. சாலை புதுப்பிக்கும் பட்டியலில் நம் தெருவும் வந்திருக்கிறது. பழைய தார் அடுக்கைச் சுரண்டி எடுக்காமல் மேலேயே போட்டால் சாலை உயர்ந்து, வாசல்கள் பள்ளமாகும், மழைநீர் இறங்கும் வாய்களும் மூடிப்போகும். சுரண்டி எடுக்கும் செலவை மதிப்பீட்டிலேயே சேர்க்கச் சொல்லி ஒரு மனு எழுதி, கணக்கர் ஐயா வீட்டில் வைத்திருக்கிறோம். மன்றக் கூட்டத்துக்கு முன்னால் எல்லோரும் ஒரு எட்டு போய்க் கையெழுத்துப் போட்டுவிடுங்கள். கூடவே வீட்டு எண்ணையும் எழுதுங்கள், ஐயா அதில் கறார்.