மெய்நிகர் மேசை செய்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் போன்ற, பகடை உருட்டிக் கதைமாந்தராக ஆடும் விளையாட்டுகளை இணையத்தில் கூடி ஆட மெய்நிகர் மேசைகளை உருவாக்கித் தருகிறீர்கள். உங்களால்தான் நாலு ஊரில் இருக்கும் நாங்கள் ஐந்து பேரும் சனிக்கிழமை இரவுகளில் ஒன்றாக உட்கார முடிகிறது. ஆட்டத்தைத் தமிழில் நடத்துகிறோம். நான்தான் கேம் மாஸ்டர், அதாவது கதையை நடத்திச் செல்பவர். எங்களில் இளையவரான தம்பிக்குக் கண்பார்வை இல்லை; திரைவாசிப்பான் படித்துச் சொல்வதைக் கேட்டே ஆடுகிறார். விழுந்த பகடைகளைக் கூட்டிச் சொல்வதில் அவரை முந்த எங்களில் ஆளில்லை.

நாங்கள் பயன்படுத்தும் கருவியின் அரட்டைப் பெட்டியில் தலைப்பு போட வழியில்லை, அட்டவணைக்கும் வழியில்லை, தடித்த எழுத்தும் கிடையாது. ஆங்கிலத்தில் ஆடுவோர் இதற்கு ஒரு குறுக்குவழி வைத்திருக்கிறார்கள். கணிதச் சமன்பாடுகளுக்காக கணினி எழுத்துகளின் பொதுப் பட்டியலான யூனிகோடில் 2001இல் சேர்த்த தடித்த எழுத்துகளை எடுத்து ஒட்டிவிடுவார்கள். பார்க்க நிஜமான தடித்த எழுத்தைப் போலவே இருக்கும். அந்தத் தொகுதியில் லத்தீனும் கிரேக்கமும் எண்களும் உண்டு, தமிழ் இல்லை. அதனால் அரக்கனின் பெயரை மட்டும் ஆங்கிலத்தில் அப்படி ஒட்டிப் பார்த்தேன். "அண்ணா, என்ன அனுப்பினீங்க? ஒவ்வொரு எழுத்துக்கும் ஏதோ கணக்குப் பெயரைச் சொல்லுது" என்றார் தம்பி. சில திரைவாசிப்பான்கள் இவற்றை வாய்திறக்காமல் தாண்டியும் விடும். அன்றோடு அதை விட்டேன்.

அடுத்து அட்டவணை. சம அகல எழுத்துருவில் இடைவெளிகளை எண்ணிப் போட்டால் ஆங்கிலத்தில் நெடுவரிசைகள் நேராக நிற்கும். தமிழில் ர ஒடுக்கம், ணை அகலம். என்ன செய்தாலும் கோடு கோணும். கடைசியில் அரக்கனின் விவரங்களைப் படமாக்கிப் போட்டேன். மற்ற மூவருக்கும் அழகாகத் தெரிந்தது. தம்பிக்கு அது "படம்" என்ற ஒரு சொல். சண்டை நடுவில் ஒவ்வொரு சுற்றிலும் "ஹெச்பி எவ்வளவு மிச்சம்ணா?" என்று அரக்கனின் உயிர்ப்புள்ளிகளை அவர் கேட்க வேண்டியிருந்தது. தானே பார்த்து முடிவெடுக்க வேண்டியதை இன்னொருவரிடம் கேட்டு வாங்குவது ஆட்டமே இல்லை.

எழுத்தை எண்ணும் முறையையும் சொல்ல வேண்டும். வரைபடத்தில் நகரும் வில்லைக்கு "கொல்லிமலைப் பூதம்" என்று பெயர் வைத்தேன். எங்களுக்கு ஒன்பது எழுத்து, நடுவில் ஓர் இடைவெளி. கருவிக்கு அது 17. உயிர்க்குறியையும் புள்ளியையும் தனித்தனி எழுத்தாக எண்ணுவதால் வரும் கணக்கு இது. வரம்பு 16 என்பதால் கடைசிப் புள்ளி வெட்டுப்பட்டு "பூதம" என்று நின்றது. எழுத்துகளுக்கிடையே இடைவெளி கூட்டும் அலங்காரத்தைப் போட்டால் இன்னும் மோசம்: "கொ" உடைந்து, க ஓரிடத்திலும் அதன் கொம்பும் காலும் ஒரு புள்ளி வட்டத்தைச் சுற்றி வேறிடத்திலும் கிடக்கின்றன. துண்டு துண்டாக வரைந்தால் அப்படித்தான் ஆகும். பயனர் கண்ணுக்கு எது ஓரெழுத்தோ அதைப் பிரித்துத் தரும் வசதி இன்று முக்கிய உலாவிகள் எல்லாவற்றிலும் இருக்கிறது. 2024 ஏப்ரலில் ஃபயர்ஃபாக்ஸிலும் வந்துவிட்டது. தயவுசெய்து அதை வைத்து எண்ணுங்கள், அதை வைத்தே வெட்டுங்கள். பெயர்ப்பட்டையின் உயரத்தையும் கொஞ்சம் கூட்டுங்கள். இப்போது மேலே "கீ"யின் சுழியும் கீழே "மூ"வின் வாலும் அறுபடுகின்றன.

நீங்கள் தரும் வார்ப்புருக்கள் பெரிய எழுத்தையும் சாய்வெழுத்தையும் நம்பியே கட்டப்பட்டிருக்கின்றன. மந்திரங்களின் பெயரை விதிநூல்கள் சாய்வெழுத்தில் அச்சிடுவதால் அது இயல்புதான். தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற பிரிவே இல்லை. தமிழ் எழுத்துருக்கள் பலவற்றுக்குச் சாய்வு வடிவமும் கிடையாது. உலாவி இருப்பதைப் பிடித்து வலப்பக்கம் தள்ளிவிடுகிறது. தடிப்பும் நிறமும் அளவும்தான் எங்களுக்கு உதவும்.

உடுக்குறி (*) இரண்டு வந்தாலே நடுவிலிருப்பதைச் சாய்த்துவிடும் அரட்டைகளில் பெருக்கல் கணக்கு எழுத, ஒவ்வொன்றுக்கும் முன்னால் பின்சாய்கோடு (\) போடப் பழகிவிட்டோம். அது பெரிய சுமையில்லை. தலைப்பை நிஜத் தலைப்பாகவும் அட்டவணையை நிஜ அட்டவணையாகவும் எழுதவிடுங்கள் என்பதுதான் நான் முதன்மையாகக் கேட்பது. திரைவாசிப்பான் தலைப்புக்குத் தலைப்பு தாவும், கட்டத்துக்குக் கட்டம் நகரும். நான் படம் செய்யவும் வேண்டாம், தம்பி கேட்கவும் வேண்டாம்.

சோதித்துப் பார்க்கத் தமிழ்ப் பெயர்களும் அரக்கர் விவரங்களும் எங்களிடம் நிறைய இருக்கின்றன. கேளுங்கள், அனுப்புகிறோம். திரைவாசிப்பானில் சோதிக்கத் தம்பியும் தயார் என்று சொல்லியிருக்கிறார்.

இப்படிக்கு,
சனிக்கிழமை இரவுக் குழுவின் கேம் மாஸ்டர்