எட்டடி ஆழத்தில் ஒரு குழாய்

வெள்ளவத்தை
18 ஜூன்

அன்புள்ள வாணி,

ஒன்பது மாதமாகப் பதில் போடவில்லை. தீபாவளிக்கு வட்ஸ்அப்பில் விளக்குப் படம் அனுப்பினதை நீ கணக்கில் எடுக்க மாட்டாய் என்று தெரியும். பேச்சு வாங்கத் தயாராகத்தான் எழுதுகிறேன். ஆனால் முழுக் கடிதத்தையும் வாசித்து முடித்த பிறகு பேசு.

முதலில் வீட்டுச் செய்தி. அம்மாவுக்குக் கண் ஒபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இப்போது என் முகத்திலுள்ள கோடெல்லாம் வடிவாகத் தெரிகிறதாம், காலையில் எழும்பினதும் ஒவ்வொன்றாகச் சொல்லிக் காட்டுகிறா. மகனுக்கு ஏ.எல். பரீட்சை நெருங்குகிறது, அவனுக்கு மட்டும் அது விளங்கவில்லை. இவர் வழமைபோல. சுகி கனடாவிலிருந்து வந்து பத்து நாள் நின்றாள், உன்னை ஒருநாளும் குறை சொல்லவில்லை என்றால் நம்புவாயா? எங்களைப் படிப்பித்த பெர்னூலி சேரை மாம்பழக் கடையில் கண்டேன். நன்றாக மெலிந்துவிட்டார். என்னை அடையாளம் தெரியவில்லை, பச்சைக் குடை மட்டும் ஞாபகம் இருக்கிறது.

சரி, விசயத்துக்கு வருகிறேன். போன செவ்வாய்க்கிழமை நான் ஒரு கடதாசியில் கையெழுத்து வைத்தேன். அன்றிலிருந்து நித்திரை சரியில்லை.

எங்கள் தொழில்நுட்ப உதவிக் கொடையைப் பற்றி உனக்குச் சொல்லியிருக்கிறேன். நகரத் தண்ணீர், கழிவுநீர், குப்பை மூன்றையும் ஒரே கூடைக்குள் போட்ட திட்டம். கொடையாளரின் பெயர் இங்கே வேண்டாம், நீ யோசிக்கிற வங்கியும் இல்லை. இவருக்கு அதை விளங்கப்படுத்தப் போய் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கச் சண்டை. "கடன் என்றால் வீடு கட்டுகிற காசு. கொடை என்றால் வீட்டை எப்படிக் கட்டலாம் என்று சொல்ல வருகிறவருக்குக் கொடுக்கிற காசு" என்றேன். "அப்போ குழாய்க்கு?" என்று கேட்டார். குழாய்க்கு இல்லை. "பிறகு என்னத்துக்கு?" என்றார். இருபத்தேழு வருசமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன், அந்தக் கேள்விக்கு மட்டும் மேசையில் சோறு ஆறும்வரை பதில் வரவில்லை.

உனக்கு நான் பாடம் நடத்தத் தேவையில்லை. நிபுணர்கள், பயிற்சி, ஆய்வும் கணக்கெடுப்பும், கருத்தரங்கு, எதிர்பாராச் செலவு என்று ஐந்து வரிசை. இதில் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் காசை நகர்த்துவது ஒரு திருத்தம், முடிவுத் திகதியைத் தள்ளுவது இன்னொரு திருத்தம், செய்வதாகச் சொன்ன வேலையையே மாற்றுவது பெரிய திருத்தம். சின்னத் திருத்தங்களுக்கு இங்கேயே அனுமதி கிடைக்கும். பெரியது என்றால் கடல் கடந்து போய்வர வேண்டும். ஆறு வருசமாக என் வேலையே இதுதான். எஞ்சினியர் என்று பேர், செய்வது தையல் வேலை. ஒரு பக்கம் பிரித்து மறுபக்கம் ஒட்டுப் போடுகிறேன்.

இந்த ஒட்டுப் போடுகிற கதையில் ஒரு வேடிக்கை உண்டு. திட்டத்தின் கணக்கைப் போட்டது டொலரில். அப்போது ஒரு டொலர் 180 ரூபாயளவில் இருந்தது. கொரோனாவில் ஒரு வெளிநாட்டு நிபுணரும் வரவில்லை. பிறகு 2022 வந்தது. மார்ச் தொடக்கத்தில் 200 ஆக இருந்த டொலர் மே மாதத்தில் 360ஐத் தாண்டியது. ஏப்ரலில் அரசாங்கம் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்ததும் கடன் காசில் ஓடிய வேலைகள் பல அப்படியே நின்றன. எங்களுடையது கொடை, நிற்கவில்லை. அதுமட்டுமா, வீங்கியது! கணக்கெடுப்புப் பிள்ளைகளுக்கு நாள் சம்பளம் ரூபாயில். டொலரில் பார்த்தால் அவர்களுடைய செலவு பாதியாகிவிட்டது. பாணுக்கும் பெற்றோலுக்கும் கியூவில் நின்ற பிள்ளைகள், அவர்களுடைய வயிற்றிலிருந்து எங்களுக்கு மிச்சம்! சம்பளத்தைக் கூட்டக் கேட்டு ஏழு மின்னஞ்சல் எழுதினேன். விலை ஏறின அளவுக்கு வரவில்லை, ஏதோ கொஞ்சம் கூட்டினார்கள். ஆனால் அறிக்கையில் அந்த வரிசைக்குப் பக்கத்தில் வந்து விழுந்த சொல் என்ன தெரியுமா? "மந்தமான பயன்பாடு." மலிவாகிப்போனதுதான் குற்றம். பிறகு வெட்டு வரும்போது எந்த வரிசையில் கை வைப்பார்கள்? மந்தமானதில்தானே.

இனி ஒரு தோட்டத்தைச் சொல்ல வேண்டும். தோட்டம் என்று பேர்தான், நெருக்கமான சின்ன வீடுகள். முகத்துவாரத்துப் பக்கம், வாய்க்கால் ஓரம். பெயரைச் சொன்னால் கொழும்பில் பாதிப்பேர் மூக்கைச் சுளிப்பார்கள், விடு. மூன்று முடுக்கு. ஏழு குடும்பத்துக்கு ஒரு மலசலகூடம், அதன் குழாய் நேராக வாய்க்காலுக்குள். மழை நாளில் வாய்க்கால் திரும்பி வீட்டுக்குள் வரும். பத்மா அக்கா வாசலில் நாலு அங்குலத்துக்குச் சீமெந்துக் கட்டு வைத்திருக்கிறா. மே மாத மழைக்கு அது காணாது என்று இப்போது ஐந்தாவது அங்குலம். "மிஸ், இந்தக் கட்டு என்ர முழங்கால் வரைக்கும் வந்தா நான் எப்படித் தாண்டுறது?" என்று கேட்டுச் சிரிக்கிறா.

அந்த முடுக்கு வாயிலிருந்து முப்பது மீற்றரில், பிரதான வீதிக்குக் கீழே எட்டடி ஆழத்தில், கழிவுநீர்க் குழாய் போகிறது. வெள்ளைக்காரன் 1906-இல் தொடங்கின வலை அது. நூறு வருசத்துக்கு மேலாக அந்தக் குழாய் அந்த வழியாகப் போய்க்கொண்டிருக்கிறது, அந்த முடுக்கைத் திரும்பிப் பார்க்காமல். அங்கே போகிறது, கழிவைக் கடலுக்குள் விடுகிற முகத்துவாரத்துக் கடல்வாய்க்கு, இங்கே எங்கள் வீட்டுக் கழிவு வெள்ளவத்தைக் கடல்வாய்க்கு. இரண்டும் கரையிலிருந்து ஒரு கிலோமீற்றருக்கு மேல் உள்ளே போய்த்தான் திறக்கின்றன. பின்னேரம் கடற்கரையில் காற்று வாங்கும்போது இவருக்கு நான் அதை ஞாபகப்படுத்துவதில்லை.

முப்பது மீற்றர்தானே, இணைத்துவிட்டால் என்ன என்று நீ கேட்க மாட்டாய். யாருடைய நிலம், யார் விண்ணப்பிப்பது, காணி உறுதி இல்லாத வீட்டுக்கு எந்தப் பேரில் இணைப்பு, முடுக்கின் சாய்வு போதுமா, மாசம் மாசம் யார் கட்டுவது? இதெல்லாம் எழுதின கடதாசி இல்லாமல் அந்த முடுக்கு எந்த வரைபடத்திலும் ஏறாது. வரைபடத்தில் ஏறாத இடத்துக்கு எந்தக் கடன் காசும் வராது. எங்கள் கொடை குழாய் போடாது, ஆனால் கேள்வி கேட்கலாம். வீடு வீடாகப் போகிற அந்தக் கணக்கெடுப்புத்தான், என்னைக் கேட்டால், முழுத் திட்டத்திலும் உருப்படியான ஒரே வேலை. மூன்று முடுக்கில் ஒன்று முடிந்தது. மற்ற இரண்டும் மழை, தேர்தல், அனுமதிக் கடிதம் என்று சுணங்கின.

இப்போது திட்டம் முடிய ஐந்து மாதம். ஏற்கெனவே இரண்டு தரம் திகதியைத் தள்ளியாயிற்று, மூன்றாவது தரத்துக்கு மேலே போக வேண்டும், மேலே யாருக்கும் அதில் விருப்பமில்லை. போன மாதம் ஒரு கூட்டம். மிச்சக் காசை முடிவுத் திகதிக்குள் செலவழிக்க முடியுமா, முடியாவிட்டால் திருப்பி எடுக்கிறோம் என்றார்கள். ஒரு நிபுணர் இருக்கிறார், கணினித் திரையில் நகரம் முழுக்கத் தண்ணீர், கழிவு, குப்பை எல்லாம் வர்ண வர்ணமாகக் காட்டுகிற ஒன்றைச் செய்து தருவாராம். எண்பது நாள் வேலை. ஐந்து மாதத்துக்குள் கச்சிதமாக அடங்கும். கணக்கெடுப்பு அடங்காது.

திருத்தத்தை எழுதச் சொன்னது என்னிடம். எழுதினேன். "கணக்கெடுப்பின் எஞ்சிய பகுதி அடுத்த கட்டத்துக்கு ஒத்திவைக்கப்படுகிறது." அடுத்த கட்டம் என்று ஒன்று இல்லை, வாணி. அது எனக்கும் தெரியும், வாசித்தவர்களுக்கும் தெரியும். அதற்குக் கீழே கையெழுத்தும் வைத்தேன்.

யாரும் என் கையைப் பிடித்து எழுதுவிக்கவில்லை. அதுதான் உறுத்துகிறது. காசு திரும்பிப் போவதைவிட ஏதாவது நடக்கட்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்த வசனம் எவ்வளவு வழுவழுப்பாக வந்தது தெரியுமா? ஒரு சொல்லைக்கூட அடித்துத் திருத்தவில்லை.

உடனே தண்ணீர்ப் பக்கத்தைப் பார் என்பாய். பார்த்தேன். 2012-இல் ஆசிய அபிவிருத்தி வங்கி கொழும்புக்கென்று 300 மில்லியன் டொலர் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தபோது, நகரத்துக்குள் விடுகிற தண்ணீரில் ஏறக்குறையப் பாதி கணக்கில் வராமல் போய்க்கொண்டிருந்தது. பழைய இரும்புக் குழாய் ஒழுக்கு, பொதுக் குழாய், களவு இணைப்பு எல்லாம் சேர்த்து. அந்தப் பாதியை வெகுவாகக் குறைத்துவிட்டார்கள், உண்மையில் நல்ல வேலை, தொப்பி கழற்றுகிறேன். ஆனால் ஒழுகுகிற தண்ணீர் தண்ணீர்ச் சபைக்கு நட்டம், அதனால் அளந்தார்கள். வாய்க்காலுக்குள் போகிற மலத்தால் யாருடைய பில்லில் என்ன குறைகிறது? குப்பையும் அப்படித்தான். 2017 சித்திரை வருசப் பிறப்பன்று மீதொட்டமுல்லக் குப்பைமேடு சரிந்து 32 பேர் புதைந்த பிறகுதான் 'கழிவு' என்ற சொல் எங்கள் திட்டத்தின் தலைப்புக்குள்ளேயே வந்தது. அன்று பின்னேரம் நீ போன் எடுத்து "உங்கட வீடு அந்தப் பக்கம் இல்லைத்தானே" என்று கேட்டாய். இல்லை என்று சொல்லிவிட்டுப் பலகாரம் சாப்பிட உட்கார்ந்தேன். இன்றைக்கும் தொண்டையில் நிற்கிறது.

இதைவிட உன் பக்கத்துக் கதைதான் எனக்கு அடிக்கடி ஞாபகம் வருகிறது. யாழ்ப்பாணம் கிளிநொச்சித் திட்டத்துக்கு 2010-இல் ஒப்புதல் கிடைத்தபோது எல்லாக் கடதாசியிலும் இரணைமடுக் குளத்துத் தண்ணீர்தான். கிளிநொச்சி விவசாயிகள் விடமாட்டோம் என்றார்கள். நீ இரண்டு பக்கமும் ஏச்சு வாங்கிக்கொண்டு பழைய ஸ்கூட்டரில் திரிந்தாய். கடைசியில் குளத்தை விட்டுத் தாளையடியில் கடலுக்கே போனார்கள். கடல்நீரைக் குடிதண்ணீராக்குகிற ஆலையை 2024 ஓகஸ்டில் திறந்து, நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர். சரியோ பிழையோ, அதன் மின்சாரச் செலவைப் பற்றி உன்னோடு நான் இன்னும் சண்டை பிடிப்பேன். ஆனால் பார், அவ்வளவு பெரிய திட்டத்தின் தண்ணீர் மூலத்தையே மாற்ற முடிந்தது. ஏனென்றால் அங்கே சங்கம் இருந்தது, தலைவர் இருந்தார், கூட்டத்தில் எழும்பிக் கத்த ஆள் இருந்தது. என்ர தோட்டத்தில் பத்மா அக்கா சீமெந்து குழைக்கிறா. அந்த முடுக்கை நான் வெட்டினது அவவுக்கு இன்னும் தெரியாது. போன சனிக்கிழமை போனேன், சொல்லத்தான் போனேன். தேத்தண்ணி தந்தா, குடித்துவிட்டு வந்துவிட்டேன். சீ!

இனி நான் எழுதியதன் காரணம். பேச்சைத் தொடங்காதே, இன்னும் ஒரு பக்கம்.

ஞாயிறு இரவு நித்திரை வராமல் பழைய ஒப்பந்தத்தை எடுத்து முதலாம் பக்கத்திலிருந்து வாசித்தேன். பயிற்சி வரிசையில் கொஞ்சம் காசு தொடாமல் கிடக்கிறது. பயிற்சி என்றால் ஹோட்டலில் படம் போட்டுக் காட்டுவது என்றுதான் இதுவரை எல்லோரும் எடுத்துக்கொண்டோம். ஆனால் ஒப்பந்தத்தில் இருக்கிற சொல் "களப் பயிற்சி". யார் பயிற்சி பெறுவது என்று வரையறை இல்லை! அந்த இரண்டு முடுக்கிலும் ஏ.எல். முடித்த பிள்ளைகள் பத்துப் பன்னிரண்டு பேர் இருக்கிறார்கள். அவர்களுக்கு மட்டம் பிடிக்கவும், வரைபடத்தில் குறிக்கவும், கேள்விக்கொத்து நிரப்பவும் பழக்கினால் அது பயிற்சி. பழகுகிற இடம் அவர்களுடைய சொந்த முடுக்கு. முடிவில் கையில் இருப்பது கணக்கெடுப்பு. அனுமதிக் கடிதம் என்று இழுத்தடிக்கவும் வழியில்லை, தன் வீட்டுக்குள் போக யாருக்கு அனுமதி வேண்டும்? எல்லாம் ஒரே வரிசைக்குள் நடப்பதால் கடல் கடக்கவும் தேவையில்லை.

இவரிடம் சொன்னேன். "இது தில்லுமுல்லு" என்றார். கொஞ்சம் பொறுத்து, "நல்ல தில்லுமுல்லு" என்றார். எனக்கு இரண்டுமே நிச்சயமில்லை. கணக்காய்வில் பிடித்தால் எனக்கு இனி இந்த ஊரில் ஆலோசனை வேலை கிடையாது, மகனுக்கு இன்னும் நாலு வருசப் படிப்பு இருக்கிறது. அதோடு இன்னொரு பயம். பிள்ளைகளை அளக்க விட்டு, ஆசை காட்டி, பிறகும் குழாய் வராவிட்டால்? ஒத்திவைத்த பொய்யைவிட அது மோசமான பொய்யாகிவிடாதா?

மூன்று பக்கத்தில் ஒரு குறிப்பு எழுதியிருக்கிறேன், இதோடு வைத்திருக்கிறேன். இந்த முறை ஒவ்வொரு வசனத்தையும் நாலு தரம் அடித்துத் திருத்தினேன், பார்க்கவே அசிங்கமாக இருக்கும். இரணைமடுக் காலத்தில் நீ விவசாயிகளின் ஆட்சேபத்தைத் திட்ட மாற்றக் கடதாசிக்குள் எந்தச் சொற்களில் நுழைத்தாய் என்று எனக்குத் தேவை. அந்தப் பழைய ஐந்து பக்கக் கடிதத்தின் பிரதி எங்கேயாவது இருக்கும், நீ ஒரு பஸ் டிக்கெற்றைக்கூட எறியாத ஆள். படம் எடுத்து அனுப்பு. என் குறிப்பை வாசித்து, எந்த இடத்தில் நான் திரும்பவும் வழுக்குகிறேன் என்று சிவப்பால் கோடு போடு. அடுத்த வெள்ளிக்கிழமை கூட்டம். அதற்கு முதல் சனிக்கிழமை பத்மா அக்காவிடம் போகிறேன், இந்த முறை தேத்தண்ணிக்கு முதல் சொல்லிவிடுவேன்.

நல்லூருக்கு நாங்கள் வருகிறோம், அம்மாவும் வருவா. ஒடியல் மா இரண்டு கிலோ எடுத்து வை, சுகிக்குக் கொடுத்ததைப் போலப் பூஞ்சணம் பிடித்ததைத் தராதே.

இப்போது பேசலாம்.

அன்புடன்,
மாலா

பி.கு.: குறிப்பின் இரண்டாம் பக்கத்தில் சாய்வு சரியா என்று ஒருதரம் போட்டுப் பார். முப்பது மீற்றருக்கு அறுபதில் ஒன்று என்று எடுத்திருக்கிறேன், அரை மீற்றர் இறக்கம் வருகிறது. பெர்னூலி சேர் பார்த்தால் கேட்கிற முதல் கேள்வி அதுதான்.