தட்டில் வளர்த்த நரம்பணுவும் சந்தைத் தைலமும்

ஆசிரியருக்கு வணக்கம்.

எங்கள் சுங்கை சிப்புட் பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) இப்போது ஒரு மிளகாய்த் தைலம் நன்றாக ஓடுகிறது. 'நரம்பணுக்களில் சோதித்தது' என்று பாட்டிலிலேயே போட்டிருக்கிறார்கள். செம்பனைக் குலை வெட்டியே முதுகு போனவர்கள் வாங்குகிறார்கள், அவர்களைக் குறை சொல்ல மனம் வரவில்லை. ஆனால் 'நரம்பணுக்களில் சோதித்தது' என்றால் என்னவென்று பத்திரிகைகளாவது விளக்க வேண்டாமா?

நான் ஆய்வகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எலிக்குஞ்சின் முதுகுத்தண்டை ஒட்டி இருக்கும் சின்னச் சின்ன நரம்பு முடிச்சுகளை எடுத்து, அவற்றிலுள்ள நரம்பணுக்களைப் பிரித்து, பிளாஸ்டிக் தட்டில் 37 டிகிரியில் வைப்போம். நரம்பு வளர்ச்சிக் காரணி என்ற புரதத்தையும் சேர்த்தால் நூல் நூலாகக் கிளை விடும். அதன் மேல் மிளகாயின் காரப்பொருளான கேப்சைசினை விட்டால், சில நிமிடங்களில் 'சப்ஸ்டன்ஸ் பி' என்ற நியூரோபெப்டைட், அதாவது நரம்பணுக்கள் செய்தி கடத்த வெளியிடும் சிறு புரதத் துண்டு, திரவத்தில் கசியும். அளக்கிற அளவோ துளியூண்டு, அதிலும் கொஞ்சம் பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொள்ளும், கொஞ்சத்தை நொதிகள் தின்றுவிடும். இத்தனைக்கும் ஈடுகட்டிக் கணக்கிட்ட அளவைத்தான் 'சோதனை முடிவு' என்கிறோம். உங்கள் முதுகைப் பற்றி அது நேரடியாக எதுவும் சொல்லாது.

சப்ஸ்டன்ஸ் பி கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். 1931-லேயே கண்டுபிடித்துவிட்டார்கள். வலிச்செய்தியைக் கடத்துவதில் அதற்குப் பங்கு உண்டென்று தெரிந்ததும், அதைத் தடுத்தால் வலி போய்விடும் என்று பெரிய நம்பிக்கை. விலங்குகளில் பலன் தெரிந்தது, மனிதர்களிடம் கொடுத்துப் பார்த்தால் வலி அசையவில்லை! அந்த வகை மருந்தான அப்ரெபிடன்ட் 2003-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது, வலிக்கு அல்ல, கீமோதெரபி வாந்திக்கு. அதற்காக இந்த ஆய்வே வீண் என்று சொல்லவில்லை, அதே நரம்பணுக்களில் இருக்கும் சிஜிஆர்பி என்ற இன்னொரு பெப்டைடைப் பின்தொடர்ந்து போய்த்தான் 2018-இல் ஒற்றைத் தலைவலிக்குப் புது ஊசி வந்தது. ஆனால் அது ஆயிரக்கணக்கான நோயாளிகளிடம் சோதித்த பிறகு.

கேப்சைசின் களிம்பும் நிஜ மருந்துதான், அளவு குறித்து மருந்தகத்தில் விற்கிறார்கள். சந்தைத் தைலத்தில் எவ்வளவு இருக்கிறதென்று யாருக்குத் தெரியும்? இப்படிச் செய்தியோ விளம்பரமோ வந்தால், எந்த அணுவில் பார்த்தது, மனிதரிடம் பார்த்ததா என்று ஒரு வரி சேர்த்துப் போடுங்கள். அப்புறம், வாங்குகிறவர்கள் பாட்டிலில் எம்.ஏ.எல். (MAL) என்று தொடங்கும் மலேசிய மருந்துப் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். நான் பார்த்த பாட்டிலில் இல்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வக உதவியாளர்,
சுங்கை சிப்புட், பேராக்.